யூ போன வாசல்

சிவகௌரியைக் கோபப்படுத்தப் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அவளுடைய வீட்டு வாசலால் போய், உள்ளே வராமல் விட்டால் போதும். அதோடு சரி. பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவள் உங்களோடு கதைக்கமாட்டாள்.

கூடப்பிறந்த அண்ணை சண்முகராசாவையே விட்டுவைக்காதவள், மற்றவர்கள் எந்த மூலைக்கு! சவுத்தாலில் இருக்கிற அந்த மனுசன் பக்கத்து ரோட்டில் ஒரு சாமத்தியச் சடங்குக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். திரும்பிப் போகும்போது தங்கச்சி வாசலில் நிற்பதைக் கண்டார். காரை நிற்பாட்டவில்லை. கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கை காட்டினதுதான் அவர் செய்த பெரிய பிழை. அவளைக் காணாமலே போயிருந்தால்கூட மன்னித்திருப்பாள். "கண்டுபோட்டுப் போறார், பாத்தியளே! எங்கட ஆக்களுக்கு இது செருப்பாலை அடிச்சதுக்குச் சமன்" என்றாள் புருசனிடம். எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிகூடத் தேவையில்லை. படியில் காலை வைத்து, சுகமோ என்று ஒரு வார்த்தை கேட்டால் காணும். அதுவும் இல்லையென்றால் உறவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அண்ணைக்கும் தங்கச்சிக்கும் இன்றைக்கும் கதை இல்லை.

அவளுக்கு வாசல் என்றால் ஏன் இப்படி ஒரு விசர் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொழும்பில் லொட்ஜ் வாசலில் பொலிஸ் பதிவுக்கு நின்றவள். ஜெர்மனியில் அகதி முகாம் வாசலில் பனிக்குள் நின்றவள். குரொய்டனில் குடிவரவுக் கந்தோர் வரிசையில் வயிற்றில் பிள்ளையோடு நின்றவள். வாழ்க்கையில் பாதியை ஆரோ ஒருவருடைய கதவுக்கு வெளியே நின்றே கழித்தவள், கடைசியில் தனக்கென்று ஒரு கதவு வாங்கினாள். பச்சை நிறக் கதவு. அதை ஒருத்தன் மதிக்காமல் போனால் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறும். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே மரக்கறியை மிச்சம் விடுகிற பிள்ளைகள் அவளுடைய கரண்டியைக் கண்டாலே வாயைத் திறப்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள் அனோஜினி. அவள் போய் ஒரு சீனப் பெடியனைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெடியன் பெயர் ஜுன். மழைத் தண்ணீர் தேங்குகிற ரோட்டுகளைப் பார்த்து, கானும் வாய்க்காலும் வெட்டி, பம்பு வைத்து இறைக்கிற வேலை. வானம் கறுத்தால் போதும், போன் அடிக்கும், ஓடிவிடுவான். பாவம், நல்ல பெடியன். அதை ஒத்துக்கொள்ள சிவகௌரிக்கு வாய் வராது. "ஊரிலை இல்லாத மாப்பிள்ளை! கான் துப்பரவாக்கிறவன்" என்றாள். புருசன் பாலேந்திரா, "இஞ்சேரப்பா, அவர் எஞ்சினியர்" என்றார். "கானுக்குள்ளை எஞ்சினியர்" என்றாள் அவள். பதிவுக் கலியாணம் நடந்தது. போட்டோவில் அவளுடைய முகத்தைப் பார்த்தால் செத்த வீடு என்று நினைப்பீர்கள்.

ஜுனுடைய தாய் திருமதி லியாங்கும் மகனோடும் மருமகளோடும் ஒரே வீட்டில்தான் இருந்தாள். புருசன் இல்லை. எத்தனையோ காலம் ஒரு கடைக் குசினியில் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டி மகனைப் படிப்பித்தவள். அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிரிப்பது குறைவு, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வது கூட. இரண்டு பேருடைய இங்கிலீசும் அரைகுறை. சம்மந்திகள் இரண்டு பேரும் சந்தித்தால் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இதில் பெரிய அரியண்டம் என்னவென்றால், அந்த வீடு சிவகௌரி பஸ்ஸுக்குப் போகிற வழியில் இருந்தது. முதல் தரம் அந்த மனுசி தேத்தண்ணிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். சிவகௌரி சாறி உடுத்து, பழப் பெட்டியும் கையுமாகப் போனாள். கேற்றடியில் பன்றி இறைச்சி வேகிற மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்துவிட்டு, தலையிடி என்று மகளுக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டாம் தரம் மகள் தடிமனில் படுத்திருந்த நேரம். மருந்துச் சரக்கு அரைத்துக்கொண்டு போனவள், வாசலில் சீனாக்காரியின் சப்பாத்தைக் கண்டதும் திரும்பிவிட்டாள். மூன்றாம் தரம் கொட்டுகிற மழை, குடையும் இல்லை. மகளின் வாசலில் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நனைந்தே போனாள்.

அண்ணை செய்த அதே வேலை! அதை அவளுக்குச் சொல்லிக்காட்ட ஆள் இல்லை. ஒருத்தரும் காணவில்லை என்ற நம்பிக்கையில் அவளும் அதை மறந்தமாதிரி இருந்தாள்.

பிறகு ஒருநாள் அனோஜினி தாயிடம் வந்து, "அம்மா, எல்லாரும் ஒரு நாளைக்கு ஒண்டா இருந்து சாப்பிடுவம், பிளீஸ்" என்றாள். அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. சரி, ஆனால் தன் வீட்டில்தான் என்றாள் சிவகௌரி. விருந்து என்று வந்தால் அவள் குறை வைக்கமாட்டாள், எதிரிக்கும் வயிறு நிறையப் போட்டுத்தான் பழக்கம். நண்டுக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, சுடச்சுட வடை. திருமதி லியாங் படியிலேயே சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த விசயத்தில் இரண்டு வீடும் ஒன்று. சப்பாத்தோடு உள்ளே வருகிறவனை இரண்டு பேருமே மனுசனாக மதிக்கமாட்டார்கள்.

ஜுன் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து மழை அடித்து ஊற்றி, குரொய்டன் பக்கம் பாலத்துக்குக் கீழே கார்கள் மிதந்தன. அவனுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. "பெண்சாதி வீட்டு விருந்தைவிட அவனுக்குக் கான்தான் பெரிசு" என்று முணுமுணுத்துக்கொண்டு சிவகௌரி குசினிக்குள் வடை சுடப் போய்விட்டாள்.

அவள் உள்ளே நின்ற நேரத்தில்தான் திருமதி லியாங் மேசையில் கதை சொல்லத் தொடங்கினாள். மகன் வராததற்கு ஒரு சாட்டு வேண்டுமே. தன்னுடைய நாட்டில் ஆதிகாலத்தில் வானம் முட்டப் பெருவெள்ளம் வந்ததாம், அதை அடக்க ஒருவன் புறப்பட்டானாம் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். பாலேந்திராவும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் சிவகௌரிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வடைத் தட்டோடு அவள் வெளியே வந்து, மகளுக்கு முதலில் வைப்போம் என்று மருமகனின் வெறுங் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து அந்த மனுசி கதிரையை நோக்கி விரலை நீட்டினாள். நீட்டி, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள்.

"யூ. மூன்று தரம் வாசலால் போனது. உள்ளே வரவில்லை."

சிவகௌரி தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"பிள்ளையின் சத்தம் கேட்டது. யூ, உள்ளே வரவில்லை!"

சிவகௌரிக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. கண்டிருக்கிறாள்! சீனாக்காரி யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள்! எண்ணி வைத்துக்கொண்டு, என்னுடைய வீட்டுக்கே வந்து, என்னுடைய மேசையில் இருந்து, என்னுடைய நண்டைத் தின்றுகொண்டு, விரலை நீட்டி நீ என்று சொல்கிறாள்!

"ஓம்! போனனான்தான்!" என்று கத்தினாள். "மூண்டு தரமும் போனனான்! பண்டி மணக்கிற வீட்டுக்குள்ளை நான் ஏன் வரவேணும்?" தமிழ் அவளுக்கு விளங்காமல் போய்விடுமோ என்று இங்கிலீசிலும் போட்டாள். "யெஸ்! திரீ டைம்ஸ்! ஐ பாஸ்! ஐ நொட் கம்!"

பாலேந்திரா, "இஞ்சேரப்பா, அவ சொன்னது உன்னை இல்லை, அது..." என்று எழும்பினார். "நீங்கள் வாயை மூடுங்கோ!" என்றாள். மனுசன் அப்படியே இருந்துவிட்டார். அவர் அப்படித்தான், பாவம்.

திருமதி லியாங்கின் முகம் மெல்ல மெல்ல மாறியது. வெள்ளத்துக் கதை சொன்னவளுக்கு வேறொரு கதை கிடைத்துவிட்டது. தன் வீட்டு வாசலால் இந்த மனுசி மூன்று தரம் போயிருக்கிறாள், தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுவிட்டுத் தான் காத்துக்கொண்டிருந்த அன்றும் அப்படித்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் துடைத்துவிட்டு எழும்பினாள்.

அதோடு நிற்பாட்டியிருக்கலாம். வாய் நிற்கவேண்டுமே! "இனி உங்கட வாசலை நான் மிதிக்கமாட்டன். இவள் பிள்ளை பெத்தாலும் மிதிக்கமாட்டன்! சொல்லிப்போட்டன்!"

அனோஜினி தாயைப் பார்த்தாள். கைப்பைக்குள் இருந்து எதையோ எடுக்கப் போன கையைத் திரும்ப வெளியே எடுத்தாள். "ஓகே அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஜுன் அந்த நேரம்தான் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தான். அவன் படியில் சப்பாத்தைக் கழற்ற, தாய் பக்கத்தில் நின்று தன்னுடையதைக் கொளுவிக்கொண்டிருந்தாள். ஒரு வடைகூடத் தின்னாமல் மூன்று பேரும் மழைக்குள் போனார்கள்.

அனோஜினியின் கைப்பைக்குள் இருந்தது ஸ்கான் படம். ஜுன் வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தாள். இது சிவகௌரிக்கு எப்படித் தெரியவந்தது தெரியுமோ? லூயிஷாம் சிவன் கோயிலில். பிரசாத வரிசையில் நின்ற ஒருத்தி, "என்னக்கா, பேரப்பிள்ளை வரப்போகுதாம், ஒரு சொல்லுச் சொல்லேல்லை!" என்று கையைப் பிடித்தாள். சிவகௌரி சிரித்தாள். "நாள் போகட்டும் எண்டு இருந்தனான்" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

அழுதாலும் போகவில்லை. மகள்தான் வரவேண்டும் என்று இருந்தாள். மகளோ, தாய் சொன்ன சொல்லைத் தாயே எடுக்கட்டும் என்று இருந்தாள். தாயின் ரத்தம்தானே அவளுக்கும் ஓடுகிறது! பாலேந்திரா மட்டும் ஒளித்து ஒளித்துப் போய்வந்தார். வீட்டில் சோறு வேண்டாம் என்பார். அவருடைய ஜாக்கெற்றில் இஞ்சி மணக்கும். "பண்டி கிண்டி ஏதும் தின்னக் குடுத்தவளோ உங்கட சம்மந்தி?" என்று அவள் நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்பாள். "அண்டைக்கு அவ சொன்னது" என்று அவர் தொடங்கினால், "அந்தக் கதையை இந்த வீட்டுக்குள்ளை எடுத்தியள் எண்டால் நான் வெளியாலை போறன்" என்பாள்.

இப்படியே மாதங்கள் போய், பிள்ளையும் பிறந்தது.

பாலேந்திரா ஆஸ்பத்திரியில் இருந்து வந்து குசினி வாசலில் நின்று சொன்னார். "பெம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நாளைக்கு வீட்டுக்கு விடினமாம்."

சிவகௌரி அலுமாரியைத் திறந்து மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாவற்றையும் எடுத்துத் தாய்ச்சியில் போட்டு வறுக்கத் தொடங்கினாள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி யார் வைப்பது? தாய்தான் வைக்கவேண்டும். அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அவள் கரண்டியைப் போட்டுக் கிண்டிய சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

"அங்கை சம்மந்தியும் இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்டு ஏதோ காய்ச்சி வைச்சிருக்கிறா" என்றார் பாலேந்திரா. "தலை முழுகக் கூடாதாம், பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாதாம். எங்கட முறை மாதிரித்தான்."

"என்ரை வேலையையும் பறிச்சிட்டாள்!" என்றாள். கண் எரிந்தது, மிளகுப் புகை.

மனுசனுக்கு அன்றைக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. அடுப்பைத் தணித்துக் கட்டையாக்கினார். "இண்டைக்கு நீ வெளியாலை போறதெண்டாலும் போ. நான் சொல்லத்தான் போறன். யூ எண்டது நீ இல்லை. அது ஒரு ஆளின்ரை பேர்."

"என்ன பேர்?"

"யூ. சீனாவிலை ஆதியிலை வெள்ளம் வந்து சனம் மலையிலையும் மரத்திலையும் ஏறி இருந்ததாம். முதலிலை யூவின்ரை தகப்பன்தான் அதை அடக்கப் போனவன். வானத்திலை இருந்து ஒரு மண்ணைக் களவெடுத்துக்கொண்டு வந்தான். கிள்ளிப் போட்டால் தானாய் வளருற மண். அதாலை மறிச்சு மறிச்சு அணை கட்டினான். கட்டக் கட்டத் தண்ணி ஏறிச்சுது, கடைசியிலை உடைச்சுக்கொண்டு வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போச்சுது. அவனைக் கொலை செய்துபோட்டாங்கள்."

"ஏன் என்னைப் பாத்துக்கொண்டு சொல்லுறியள்?"

"நான் சட்டியைப் பாக்கிறன். பிறகு மகன் யூ வந்தான். அவன் மறிக்கேல்லை. வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டான். வருசக்கணக்கிலை அதே வேலை. மூண்டு தரம் தன்ரை வீட்டு வாசலாலை போனவன். உள்ளை குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சனம் தண்ணிக்குள்ளை தாண்டுகொண்டு இருக்கு எண்டு போட்டு உள்ளுக்கு வரேல்லை. அண்டைக்கு ஜுன் தம்பி மழைக்குள்ளை நிண்டபடியால், மகனைப் பற்றிப் பெருமையாய்ச் சொன்னவ. உன்ரை கதையே இல்லை!"

சிவகௌரிக்கு முதலில் வந்தது கோபம்தான். "பெண்சாதி பிள்ளையோடை கிடக்க வாசலாலை போனவனைக் கும்பிடுறாங்களோ? கிழிஞ்சுது போ! எங்கட ஆக்கள் எண்டால் அவனை நாலு சனத்துக்கு முன்னாலை நிப்பாட்டிக் கேட்டிருப்பினம்." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அப்ப... அவள் என்னைக் காணேல்லையே?"

"ஒருதரும் காணேல்லை. நீதான் சொன்னனி. இங்கிலீசிலையும் சொன்னனி."

சரக்குக் கருகி மணந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பப் புதிதாக வறுத்தாள்.

அடுத்தநாள் பின்னேரம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. தாழ்வான ரோட்டுகளில் தண்ணீர் ஏறியிருந்தபடியால் ஜுன் வேலைக்கு ஓடிவிட்டான். மீன் போட்ட சரக்குக் கறியைச் சட்டியோடு துவாயில் சுற்றிக்கொண்டு சிவகௌரி தனியாகப் போனாள். யோசித்துத்தான் போனாள். படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு வந்துவிடுவது. கறியும் போய்ச் சேரும், சொன்ன சொல்லும் நிற்கும். அவளுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

சட்டியைப் படியில் வைக்கக் குனிந்தாள். உள்ளே குழந்தை அழுதது.

குனிந்தபடியே நின்றுவிட்டாள். மணியை அடிக்காமலே கதவு திறந்தது. திருமதி லியாங் வீட்டுச் செருப்போடு நின்றாள். இந்தத் தரம் உண்மையாகவே யன்னலால் பார்த்திருக்கிறாள் போல. சட்டியைத் தூக்கினாள், மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள், மூடினாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை. வழியும் விடவில்லை.

"யூவுக்கு வெள்ளம் இருந்தது" என்றாள் தன்னுடைய இங்கிலீசில். பிறகு விரலை நீட்டினாள். அன்றைக்குக் கதிரையைக் காட்டிய அதே விரல், இன்றைக்குச் சிவகௌரியின் நெஞ்சுக்கு நேரே. "யூ. உனக்கு என்ன இருந்தது?"

இந்த யூ யாரென்று கேட்கத் தேவையில்லை. சிவகௌரி வாயைத் திறந்தாள். பன்றி மணம் என்று சொல்வதோ? படியில் கிடந்த சப்பாத்து என்று சொல்வதோ? பிள்ளையின் சத்தம் கேட்கக் கேட்க, சொல்ல ஒரு நியாயமும் அவளுக்கு அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த விரலைப் பிடித்து முறிக்க வேண்டும் போலவும் இருந்தது.

உள்ளே இருந்து அனோஜினி யாரென்று கேட்டாள்.

"ஒருவரும் இல்லை" என்றாள் திருமதி லியாங், கண்ணை எடுக்காமல். "யாரோ வழியால் போகிறார்கள்." சொல்லிவிட்டு ஒரு கையால் கதவைச் சாத்தப் போனாள்.

"இல்லை!" என்று கத்தினாள் சிவகௌரி. "நான்! அம்மா!" கத்திக்கொண்டு அந்த மனுசியைத் தோளால் தள்ளி, அவளுடைய கையில் சட்டி ஆட ஆட உள்ளே போனாள். பின்னால் சீனாக்காரி கத்துவது கேட்டது. சூ, சூ என்று, கோழி கலைக்கிற மாதிரி. வேறொரு நாள் என்றால் அந்த ஒரு சத்தத்துக்கே திரும்பி, ரோட்டில் நின்று ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். கலைக்கட்டும் என்று நடந்தாள்.

அறைக்குள் கட்டிலில் அனோஜினி பிள்ளையை நெஞ்சோடு வைத்திருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். வெளிறிய கம்பளத்தில் வாசலில் இருந்து கட்டிலடி வரை சேற்றுக் காலடிகள்.

"அம்மா" என்றாள். "ஷூ."

சிவகௌரி குனிந்து தன்னுடைய காலைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த மனுசி என்ன கத்தினாள் என்று விளங்கியது. இரண்டு சப்பாத்தும் ஈரத்தில் ஊறிப்போய்க் காலில் கிடந்தன.

"பிறகு கழட்டுறன்" என்று இரண்டு கையையும் பிள்ளைக்கு நீட்டினாள். "வாசலிலை நிண்டு கழட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பன்."